கிளேர் நாட்குறிப்பு: அடுப்படியில் தங்கிய ஐரிஷ்

மே 18

அயர்லாந்தின் மேற்கிலுள்ள கிளேரில், பக்கத்துப் பண்ணைப் பெரியவருடன் சதுப்பு நிலத்துக்குப் போனேன். இங்கே மண்ணையே கட்டி கட்டியாக வெட்டி, காற்றில் உலர்த்தி, அடுப்பெரிக்கிறார்கள். டர்ஃப் என்று பெயர். இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான் வெட்டுகிறது. இவரோ பக்கவாட்டில் சிறகு வைத்த ஒடுங்கிய மண்வெட்டியை எடுத்தார். அது 'ஸ்லான்'. அக்கம்பக்கத்தார் கூடிக் கூலியில்லாமல் ஒருவருக்கொருவர் உழைப்பது 'மெஹல்'. இரண்டும் ஐரிஷ் சொற்கள். அவர் பேசுவது ஆங்கிலம்தான்; ஐரிஷ் மொழியில் நான்கு வாக்கியம் கோவையாகப் பேச அவருக்கு வராது. ஆனாலும் கையில் பிடித்த கருவிக்கு அவரிடம் வேறு பெயர் இல்லை.

மே 21

இவர்கள் பேசும் ஆங்கிலத்தில் இன்னும் ஐரிஷ் சொற்கள்: பன்றிக்குட்டி 'பானவ்', இடக்கைக்காரர் 'கிட்டோக்', முட்டாள் 'அமடான்'. வாக்கியத்தின் எலும்பும் ஐரிஷ்தான்: இப்போதுதான் சாப்பிட்டேன் என்பதை, 'சாப்பிட்டதற்குப் பின் இருக்கிறேன்' என்ற அமைப்பில் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். இதைக் கொச்சை என்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் 9

1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஐரிஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டுப் போட்டு, வெட்டுகளை எண்ணி அடித்த ஊர்கள் உண்டு. 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிதான் அதிகம் காலியானது. கப்பலேற ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே பிள்ளைகளிடம் ஐரிஷைத் தவிர்த்தார்கள். பன்றிக்குட்டியைப் பற்றி வகுப்பில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் அந்தச் சொல் தப்பியது என்று நினைக்கிறேன்.

ஜூலை 20

மேய்ச்சல் நிலமெங்கும் மஞ்சள் பூ. மாடுகளுக்கு நஞ்சான இந்தக் களையை ஒழிக்க 1936லேயே சட்டம் வந்தது. அறிவிப்புகளில் அது 'ராக்வார்ட்', வேலியோரத்தில் 'பூஹலான்'. மாடு இருக்கும்வரை இந்தச் சொல் பிழைக்கும். இரவில் சாம்பலுக்குள் மூடிவைக்கும் கங்குக்கான 'கிரீசக்' அப்படியல்ல. பெரியவர் வீட்டிலேயே எண்ணெய்க் கொதிகலன் வந்துவிட்டது. பள்ளியில் ஐரிஷைக் கட்டாயப் பாடமாகப் படிக்கும் பேத்திக்கு அந்தச் சொல் தெரியவில்லை.

1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கதைகளும் வழக்கங்களும் இன்றும் காப்பகத்தில் இருக்கின்றன. அதைப் போன்ற ஒரு வேலை உடனே தேவை. அதுவும் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் போதாது, வேலை நடக்கும் இடத்தில் கேட்க வேண்டும். அடுத்த முறை வயலுக்குப் போகும்போது பேத்தியையும் குறிப்பேட்டோடு அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.