நடை முடிந்த பிறகு வருகிற அரை மணி நேரம்

வேலூரில் குளிர்காலம் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டி வெந்து, பகலெல்லாம் வாங்கின சூட்டைச் சுற்றியிருக்கும் கருங்கல் மலைகள் ராத்திரி படுக்கும்வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஊர் இது. இங்கே விடியற்காலை 18 டிகிரிக்கு இறங்கினாலே மஃப்ளரும் குரங்குக் குல்லாவும் பீரோவிலிருந்து வெளியே வந்துவிடும். கார்த்திகை கடைசி ஞாயிறு, விரிஞ்சிபுரத்தில் கடைஞாயிறு முழுக்கு முடிந்தால் பனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து மாசி பாதிவரைதான் எங்களுக்கு நடக்கிற சீசன். அப்புறம் காலை ஏழரைக்கே வெயில் முதுகில் உறைக்க ஆரம்பித்துவிடும்.

இந்த இரண்டு மூன்று மாதம் நடப்பதற்கு மன உறுதி, ஒழுக்கம் என்று பெரிய விஷயம் எதுவும் தேவையில்லை. வியர்க்காது, அது போதும். மார்கழி விடியலில் கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள், அகழி ஓரம் தொடங்கி உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, சர்ச், மியூசியம் என்று எல்லாப் பக்கமும் ஆள் நடமாட்டம். ரிடையர்டு ஆனவர்கள், ராத்திரி டியூட்டி முடிந்த நர்சுகள், டாக்டர் பயமுறுத்தி அனுப்பிய நாற்பது வயதுக்காரர்கள் (நான் இந்தக் கோஷ்டி), போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் பையன்கள். இத்தனை பேர் நடந்தும் தை முடியும்போது எனக்குத் தெரிந்த பாதிப் பேருக்கு பெல்ட்டில் ஒரு ஓட்டைகூட உள்ளே போவதில்லை. ஏன் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம், கோட்டைக்கு வெளியே டீக்கடையில் நின்றால் போதும்.

எழுபது கிலோ ஆள் அரை மணி நேரம் கொஞ்சம் வேகமாக நடந்தால் சுமார் 120 முதல் 150 கலோரி செலவாகும். சர்க்கரை போட்ட ஒரு டீயும் எண்ணெய் சொட்டும் இரண்டு மெதுவடையும் அதைத் தாராளமாகத் தாண்டிவிடும். பனியில் நடந்து வந்தால் பசி வேறு வழக்கத்தைவிட அதிகமாகத் தெரியும், சூடாக எதையாவது வாயில் போட வேண்டும் என்றிருக்கும். கூட நடப்பவர் ஒருவர் தினமும் சொல்வார், “நடந்துட்டோம் இல்ல சார், ஒண்ணே ஒண்ணு.” அந்த ஒண்ணு எப்போதும் ஜோடியாகத்தான் வரும். மார்கழி என்பதால் கோயிலில் தொன்னையில் நெய் மிதக்கும் வெண்பொங்கல் வேறு கொடுப்பார்கள். அது பிரசாதம், மறுக்கக் கூடாது, நானும் மறுப்பதில்லை. ஆனால் பிரசாதம் சாப்பிட்ட அன்றைக்கு வீட்டில் இன்னொரு டிபன் எதற்கு? இதுதான் என் ஒரே வாதம். நடக்கிற அரை மணி நேரத்தை யாரும் சமாளித்துவிடலாம், நடந்து முடித்த பிறகு வருகிற அரை மணி நேரத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது.

சரி, அந்த நேரத்துக்கு என்ன வைத்துக்கொள்வது? உடனே ஓட்ஸ் டப்பா வாங்கச் சொல்லப்போவதில்லை. வட ஆற்காட்டுக்காரனுக்கு டிசம்பர், ஜனவரியில் ஓட்ஸ் தேவையே கிடையாது, நேதாஜி மார்க்கெட் பக்கம் ஒரு சுற்று சுற்றினாலே போதும். பனி விழ ஆரம்பித்ததும் பச்சை மொச்சை வந்து குவியும். அதை ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்து வைக்கும் பிதுக்கு பருப்புக் குழம்புக்கு இந்த ஊரில் ஈடு கிடையாது. வீட்டில் எல்லோரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிதுக்கினால்தான் ஒரு வேளைக்குத் தேறும். புரதமும் இருக்கிறது, வயிறும் சீக்கிரம் நிறையும். குழம்பிலும் தோலோடு வேகவைத்தால் நார்ச்சத்து கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அதை எங்கள் வீட்டில் சொல்லிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. காலையில் பெரும்பாலும் அதே மொச்சையையோ மல்லாட்டையையோ (வேர்க்கடலைதான்) தோலோடு வேகவைத்து உப்பு மட்டும் போட்டு ஒரு கிண்ணம். மல்லாட்டையில் கொழுப்பு உண்டு, படி கணக்கில் தின்னக் கூடாது. பனங்கிழங்கு வரும் நாளில் அது. டீயும் உண்டு, சர்க்கரை மட்டும் இல்லாமல். முதல் வாரம் கழுநீர் மாதிரி இருந்தது, இப்போது சர்க்கரை போட்ட டீதான் திகட்டுகிறது.

இலவம்பாடி முள் கத்திரிக்காயை விட்டுவிட்டால் ஊர் என்னை மன்னிக்காது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். அதில் எந்தக் கெடுதலும் இல்லை, அதை மிதக்கவிடும் எண்ணெயில்தான் எல்லாக் கெடுதலும். எண்ணெய்க் கத்திரிக்காயை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு மற்ற நாளில் தணலிலோ அடுப்பிலோ சுட்டு, பச்சை மிளகாய், புளியோடு கடைந்தால் போதும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயைப் பற்றி இங்கே பேசவில்லை, அது தனி வழக்கு.

கேழ்வரகு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சிறுதானியம் என்றாலே சர்க்கரை ஏறாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது, ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இன்னும் கூடிவிட்டது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அபாரம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். அரிசியைவிட நார்ச்சத்தும் நன்றாகவே அதிகம். ஆனால் மாவுச்சத்து கிட்டத்தட்ட அரிசி அளவுக்கு இருக்கிறது. நைசாக அரைத்துக் கஞ்சி காய்ச்சி வெல்லம் போட்டுக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று ஏறும். களியாகக் கிண்டி, கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ ஊற்றிச் சாப்பிட்டால் பரவாயில்லை. அதுவும் ஒரு உருண்டை. எங்கள் தாத்தா மூன்று உருண்டை சாப்பிட்டார் என்று எனக்கும் சொல்லத் தெரியும், ஆனால் அவர் அதற்கப்புறம் ஏர் ஓட்டப் போனார், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறேன். அரிசிச் சோறு போலவே சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு ஜவ்வாது மலையில் விளையும் சாமை இருக்கிறது. அளவு விஷயத்தில் அதற்கும் சலுகை கிடையாது.

நடையைப் பற்றியும் இரண்டு விஷயம். சிலர் நாலரை மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள், சீக்கிரம் போனால் நல்லதாம். ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பதே ஆறரை மணிக்கு மேல்தான். இருட்டில் நடந்துவிட்டு வைட்டமின் டி கிடைத்தது என்று சொல்ல முடியாது, அதற்கு வெயில் நன்றாக ஏற வேண்டும். இருதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் பனியில் போகாமல் கொஞ்சம் விடிந்த பிறகு போவதே மேல், குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். இன்னொன்று, ஆற்காடு ரோட்டிலும் காட்பாடி ரோட்டிலும் நடக்காதீர்கள். பனி நேரத்தில் பஸ், லாரிப் புகை மேலே போகாமல் மூக்கு உயரத்திலேயே நிற்கும்.

காலையில் நேரமே கிடையாது என்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தெருவில் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால்கூட நல்ல பலன் உண்டு. காலின் பெரிய தசைகள் வேலை செய்யும்போது சாப்பாட்டிலிருந்து வந்த சர்க்கரையை உடனுக்குடன் இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் டிவி முன் சாய்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் குளுக்கோமீட்டரில் அப்பட்டமாகத் தெரியும். என் மனைவியும் நானும் இப்போது இதைத்தான் வழக்கமாக்கியிருக்கிறோம். குடும்பக் கணக்கு வழக்கெல்லாம் அந்த நேரத்தில்தான் தீர்கிறது, சண்டையும் அப்போதுதான், நாய்கள் மட்டும் கொஞ்சம் தொல்லை.

பொங்கல் வந்தால் மூன்று நாள் இந்தக் கணக்கு எதுவும் எனக்குக் கிடையாது. சர்க்கரைப் பொங்கல், கரும்பு, மாட்டுப் பொங்கலன்று கறி, எல்லாம் உண்டு, நடையும் உண்டு. காணும் பொங்கல் அன்று மட்டும் சாயங்காலம் கோட்டைப் பக்கம் நடக்கப் போய்விடாதீர்கள், அந்தக் கூட்டத்தில் நிற்கத்தான் முடியும். ஓட்டேரி தாண்டி பாலமதி மலைப் பாதையில் போங்கள், ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும், டீக்கடையும் குறைவு.