கடைசிக் கட்டம் காலியா? எட்டு மாச செஸ் நோட்டு

தை மாசம் வரைக்கும் நான் எங்க தெருவின் செஸ் சாம்பியன். இதை நானே சொல்லிக்கொண்டதுதான், மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனை டீக்கடைக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கொட்டகை. நடுவில் கேரம் போர்டு, ஓரமாக பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் செஸ் போர்டு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரனை ஜெயித்து உலக செஸ் சாம்பியன் ஆன மறுநாள் யாரோ வாங்கிவந்து போட்டது. ஒரு கறுப்பு யானை காணாமல்போய் ஒரு வாரத்தில் தைல டப்பா அந்த இடத்துக்கு வந்தது. இன்னும் அதுதான் யானை.

கேரமில் அங்கே எனக்கு இடமில்லை. 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமா பக்கத்துச் செரியன் நகர்ப் பெண். இந்தப் பக்கத்தில் சுமாராக ஆடுகிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். அதனால் செஸ். தினமும் சாயங்காலம் மண்ணடியில் ஆபீஸ் முடிந்து மெட்ரோவில் இறங்கினால் நேராகக் கொட்டகை. என் கூட்டாளியோடு இரண்டு ஆட்டம். இரண்டும் ஜெயிப்பேன். "மச்சான், நீ வேற ஏரியாடா" என்பான். நானும் நம்பினேன்.

போனில் லிசெஸ் என்ற செஸ் ஆப் போட்டதும் அந்த ஏரியா எது என்று தெரிந்துபோனது. அதில் புது ஆளுக்கு ரேட்டிங், அதாவது ஆட்ட பலத்தைச் சொல்லும் எண், 1500-ல் ஆரம்பிப்பார்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும், உன் பலம் இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அந்தக் கேள்விக்குறி போவதற்குள் நான் 1090-க்கு வந்து நின்றேன். இத்தனை நாளாக ஒரே ஆளை ஜெயித்து நான் கற்றுக்கொண்டது, அவன் செய்யும் தப்புகளை எதிர்பார்த்துக் காய் வைப்பது மட்டும். மூணாவது மூவிலேயே ராணியை வெளியே எடுத்து மிரட்டுவேன், அவன் பதறுவான். ஆப்பில் ஒருத்தனும் பதறவில்லை.

அப்போதுதான் ஒரு நீளமான நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். தேதி, எதிராளியின் ரேட்டிங், முடிவு, 'எங்கே தோத்தேன்'. நாலு கட்டம். கடைசிக் கட்டத்தை எஞ்சினை (ஆட்டத்தை அலசும் கம்ப்யூட்டர் புரோகிராம்) பார்க்காமல், என் மூளையை மட்டும் வைத்து நிரப்ப வேண்டும் என்று விதி. கோச் விஷ்ணு பிரசன்னா, குகேஷை எஞ்சின் பக்கமே விடாமல் கிராண்ட்மாஸ்டர் வரை கொண்டுவந்தார் என்று படித்திருந்தேன். அவருக்கு குகேஷ் இருந்தான், எனக்கு நான் மட்டும்தான் இருந்தேன். இருந்தாலும் விதி விதிதான்.

மாசி, பங்குனி இரண்டு மாசமும் வீம்பு. பலசாலியோடு மோதினால்தான் பலம் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று, என்னைவிட 300, 400 அதிகம் உள்ளவர்களாகத் தேடிப் போனேன். 22 ஆட்டம். ஒன்றில் ஜெயித்தேன், அதுவும் அந்த மனுஷருக்கு இன்டர்நெட் போனதால். மீதி 21-ல் கடைசிக் கட்டம் 17-ல் காலி. எங்கே தோற்றேன் என்றே தெரியவில்லை. பெரிய தப்பு எதுவும் செய்த மாதிரி இருக்காது. காய்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று இறுகும், மூச்சு முட்டும், முப்பதாவது மூவில் ஏதாவது ஒன்று இலவசமாகப் போகும். 'முப்பதாவது மூவில் குதிரை போச்சு' என்று எழுதலாம்தான், ஆனால் அது பொய். பன்னிரண்டாவது மூவிலோ பதினைந்தாவது மூவிலோ ஏற்கெனவே எதுவோ போயிருந்தது. எது என்று பார்க்கும் கண் எனக்கு இல்லை.

எங்கள் பக்கத்தில் பாக்ஸிங் தெரியாத தெரு கிடையாது. எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு பேரை மோத விடுவார்கள். ஐம்பது கிலோ பையனை எண்பது கிலோ ஆளிடம் விட்டால் அவன் பாக்ஸிங் கற்கமாட்டான், தலையை மூடிக்கொள்ளக் கற்பான். நானும் அதைத்தான் கற்றிருந்தேன். எல்லாச் சிப்பாயையும் சுருட்டிவைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

ரேட்டிங் போடும் எலோ கணக்கை அப்புறம்தான் உட்கார்ந்து புரிந்துகொண்டேன். ஆர்பத் எலோ போட்ட கணக்கு, 1970-ல் உலக செஸ் சம்மேளனமான ஃபிடே எடுத்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் 100 வித்தியாசம் என்றால் பலமானவர் நூறு ஆட்டத்தில் சுமார் 64 புள்ளி எடுப்பார், எளியவருக்கு 36. 200 என்றால் 76க்கு 24. 400 என்றால் 91க்கு 9. டிராவுக்கு அரைப் புள்ளி. அதாவது நான் மாசியில் தேடிப்போனது நூற்றுக்கு ஒன்பதிலிருந்து பதினைந்து வரை கிடைக்கிற வேலை. ஆப்கள் இதே எலோவை அப்படியே வைத்துக்கொள்வதில்லை, க்ளிக்கோ என்று அதன் தம்பி முறை. அதனால் அங்கே இருக்கும் எண்ணும் ஃபிடே எண்ணும் ஒன்றல்ல. "நான் ஆன்லைனில் 1600" என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வருகிறது, ஜாக்கிரதை.

சித்திரையில் ஆப்பில் எதிராளியின் ரேட்டிங் எல்லையை மாற்றினேன். என்னைவிட 50 கூட இருப்பவரிலிருந்து 200 கூட இருப்பவர் வரை. ஆட்டத்துக்கு ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், மூவுக்குப் பத்து விநாடி கூடுதல். மெட்ரோவில் ஆடும் ஐந்து நிமிஷ ஆட்டங்களை நோட்டில் ஏற்றுவதில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து மண்ணடி மூணே ஸ்டாப், சுரங்கத்தில் சிக்னல் போனால் கடிகாரம் நிற்காது. அதில் கற்றது பொறுமை மட்டும்தான்.

ஆனி முடியும்போது 41 ஆட்டம். 13 வெற்றி, 4 டிரா, 24 தோல்வி. 24-ல் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது ஆறுதான். மீதி பதினெட்டிலும் எழுத்து இருந்தது. 'மந்திரியை எடுத்த குஷியில் கடைசி வரிசையைப் பார்க்கலை.' 'கோட்டை கட்டாமலே பதினாலு மூவு.' 'அவன் குதிரை இரண்டு யானையையும் ஒரே நேரத்தில் குத்துற இடத்தை நானே காலி பண்ணிக் கொடுத்தேன்.' இந்தக் கடைசி வகை மட்டும் ஐந்து தடவை. அதைப் பார்த்ததும் பதினைந்து நாள் குதிரைக் குத்துப் புதிர்கள் மட்டும் போட்டேன். அதற்கப்புறம் ஒரு தடவைதான் மாட்டினேன்.

இப்போது எதிராளி சரியான ஆளா என்று பார்க்க அவர் எண்ணைவிட அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் அதிகம் நம்புகிறேன். தோற்ற ஆட்டத்தைப் படிக்க முடிகிறதா? முடிந்தால் அவர் என் ஆள். ஜெயித்தாலும் தோற்றாலும் எழுத ஒன்றுமே இல்லையென்றால் ஒன்று அவர் ரொம்ப மேலே, இல்லை ரொம்பக் கீழே.

நடுவில் கம்ப்யூட்டரோடும் ஆடிப் பார்த்தேன். லிசெஸ்ஸில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினுக்கு எட்டு லெவல் உண்டு. கீழ் லெவல்களில் அது ஆடும் ஆட்டம் மனுஷ ஆட்டமே இல்லை. பத்து மூவு உலக சாம்பியன் மாதிரி ஆடும், பதினொன்றாவதில் ராணியைத் தூக்கி என் கையில் கொடுக்கும். மனுஷன் எங்கே தப்பு செய்வானோ அங்கே செய்யாது, யாருமே செய்யாத இடத்தில் செய்யும். ஆகவே ஜெயித்தாலும் ஒட்டவில்லை.

சரி, பலசாலிகளே வேண்டாமா என்றால் இங்கேதான் பெரம்பூர் சார் வருகிறார். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர். ஒரு காலத்தில் டோர்னமென்ட் எல்லாம் போனவர். ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடி வழியாக வண்டியில் போய் அவர் வீட்டு வராண்டாவில் உட்காருவேன். முதல் நாள் முழு ஆட்டம் மூன்று ஆடி மூன்றிலும் இருபது மூவுக்குள் மூட்டை கட்டினேன். அடுத்த வாரம் அவர் தன் குதிரை ஒன்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஆடினார். ஒரு காய் கூடுதலாக இருப்பதால் கிடைத்ததையெல்லாம் வெட்டிக்கொண்டே போனால் போதும் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த ஆட்டத்தில் அது சரியான வழிதான். ஆனால் அந்தப் பழக்கம் ஆப்பிலும் ஒட்டிக்கொண்டு, சமமான ஆட்டத்திலும் கண்டதையும் வெட்டித் தோற்க ஆரம்பித்தேன். நோட்டில் 'சும்மா வெட்டினேன்' என்று மூன்று நாள் தொடர்ந்து வந்ததும் சாரிடம் காட்டினேன்.

"குதிரைய எடுத்தது என் தப்பு தம்பி," என்றார். "இனிமே முழு ஆட்டம் வாணாம். காயக் கொறைச்சுடலாம்."

போர்டைத் துடைத்துவிட்டு மூன்றே காய்களை வைத்தார். (கட்டத்தின் பேரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை.) என் வெள்ளை ராஜா டி5-ல், என் சிப்பாய் ஈ4-ல், அவர் கறுப்பு ராஜா ஈ7-ல். "உன் மூவு. ஜெயி."

ஒரு சிப்பாய் கூட இருக்கிறது, இதில் என்ன என்று சிப்பாயை ஈ5-க்குத் தள்ளினேன். அவர் ராஜா அமைதியாக டி7-க்கு வந்து என் ராஜாவின் எதிரே நின்றது. ஈ6 தள்ளிச் செக் வைத்தேன். ராஜா ஈ7. என் ராஜா ஈ5. அவருடையது நேராக ஈ8-க்குப் பின்வாங்கியது. நான் டி6, அவர் டி8. ஈ7 தள்ளிச் செக், அவர் ஈ8. சிப்பாயைக் காப்பாற்ற ராஜாவை ஈ6-க்குக் கொண்டுவந்தேன். அவருக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட். டிரா.

சார் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று காயையும் பழைய இடத்தில் வைத்தார். "மறுபடி."

நாலாவது தடவைதான் சிப்பாயைத் தொடாமல் ராஜாவை ஈ5-க்கு வைத்தேன். இரண்டு ராஜாக்களும் ஒரு கட்டம் இடைவெளியில் முட்டிக்கொண்டு நின்றன, மூவ் அவருடையது. அவர் டி7 விலகினால் நான் எஃப்6-ல் புகுந்துவிடலாம், எஃப்7 போனால் டி6-ல் புகுந்துவிடலாம். சிப்பாய் பின்னால் மெதுவாக வந்தால் போதும். ஒரே ஒரு மூவில் வெற்றிக்கும் டிராவுக்கும் வித்தியாசம், அந்த மூவை நான் மூன்று தடவை தவறவிட்டிருந்தேன். அப்புறம் போர்டைத் திருப்பி, கறுப்பு ராஜாவை என்னிடம் கொடுத்து டிரா காப்பாற்றச் சொன்னார். அவர் வீட்டம்மா கொடுத்த டீ ஆறிப்போனது.

400 பாயிண்ட் மேலே இருப்பவரோடும் இப்படி உட்காரலாம். போர்டு முழுக்கக் காய் இருக்கும்போது அவர் எங்கே அடிக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மூன்று காய் இருக்கும்போது நன்றாகத் தெரிகிறது, நோட்டும் நிரம்புகிறது.

ஆடியில் தைரியம் வந்து பெரம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நடந்த ஒருநாள் ரேபிட் (வேக செஸ்) போட்டிக்குப் பேர் கொடுத்தேன். ஆறு ரவுண்டு, ஸ்விஸ் முறை. ஹாலுக்குள் பசங்க, வெளியே டிபன் பாக்ஸோடு பெற்றோர். என் வயசில் உள்ளே உட்கார்ந்திருந்தது நாலைந்து பேர்தான், அதில் ஒருவர் என்னிடம் "எந்தப் பையனோட அப்பா சார் நீங்க?" என்று கேட்டார்.

ஸ்விஸ் முறையில் ஒரு நல்ல குணம் உண்டு. முதல் ரவுண்டில் பட்டியலின் மேல்பாதியைக் கீழ்பாதியோடு மோத விடுவார்கள், அதற்கப்புறம் ஒரே புள்ளி வைத்திருப்பவர்களைச் சேர்ப்பார்கள். அதனால் முதலில் அடி விழுந்தாலும் மூணாவது ரவுண்டிலிருந்து தானாகவே நம் எடைக்கு ஆள் வந்து உட்காருகிறார். முதல் ரவுண்டு தோல்வி, கடைசிக் கட்டம் காலி.

இரண்டாவது ரவுண்டில் எதிரே ஒரு பொடியன், ஒன்பது வயசு இருக்கும். ரேட்டிங் இல்லாதவன். 2024 மார்ச்சிலிருந்து ஃபிடே 1400-க்குக் கீழே ரேட்டிங்கே கொடுப்பதில்லை, ஆகவே 'ரேட்டிங் இல்லாதவர்' என்ற ஒரே வரிசையில் நேற்றுக் கற்றவனும் இருப்பான், நாளைக்கு 1700 ஆகப்போகிறவனும் இருப்பான். சென்னையில் இரண்டாவது ரகம் ஜாஸ்தி. பத்தொன்பது மூவில் மேட். கை கொடுத்துவிட்டு எழுந்தவன் திரும்பி, "அங்கிள், நீங்க எஃப்7-அ பாக்கவே இல்ல. மந்திரி வந்தப்பவே பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் ஜூஸ் வாங்கிக் குடிக்கப் போனான். நோட்டில் அதை அப்படியே எழுதினேன். ஆட்டம் முடிந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிற எதிராளிக்கு நூறு பாயிண்ட் தள்ளுபடி கொடுக்கலாம்.

மூணாவதில் வெற்றி, நாலில் டிரா, ஐந்தில் நூலிழையில் தோல்வி, ஆறில் வெற்றி. ஆறுக்கு இரண்டரை. டிரா ஆனது ராஜா–சிப்பாய் கடைசி ஆட்டம். தோற்கவேண்டிய பக்கம் நான், எதிரே இருந்த கல்லூரிப் பையன் அவசரமாகச் சிப்பாயைத் தள்ளிவிட்டான். ராஜாவை நேர் பின்னால் இழுத்தேன். பெரம்பூர் வராண்டா கண்முன் வந்தது.

கூட்டாளியை விட்டுவிடவில்லை. கொட்டகையில் இப்போதும் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் உண்டு. ஆனால் எனக்கு ஐந்து நிமிஷம், அவனுக்குப் பதினைந்து. அவன்மேல் புது ஓப்பனிங்கைச் சோதித்துப் பார்க்கிறேன். ஒரு தடவை அவன் ஜெயித்துவிட்டான். தைல டப்பாவைத் தூக்கி "யாரு வேற ஏரியா?" என்று கொட்டகை முழுக்கக் காட்டினான்.

ஆவணி முதல் வாரத்தில் ஆப் ரேட்டிங் 1262. அந்த 50–200 எல்லைக்குள் ஆடிய கடைசி இருபது ஆட்டத்தில் பதினொன்று ஜெயித்திருந்தேன். பாதிக்கு மேல் ஜெயிக்க ஆரம்பித்தால் சுகம் கண்டுவிடும் என்று பயந்து, எல்லையை 100–250 ஆக்கினேன். நேற்று ராத்திரி மூன்று ஆட்டம், மூன்றும் போச்சு. இரண்டுக்கு எழுதிவிட்டேன். மூணாவதை இரண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தும் கட்டம் காலியாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரம்பூருக்கு அதை எடுத்துக்கொண்டு போகணும்.