கெர்பினுக்கு மேலே 2,863 கிலோமீட்டர்

ஜனவரி 4, 2025, சனி

இன்று மாலை கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் விளையாட்டில் ஆளில்லாத கலம் ஒன்றை இழந்தேன். முன் பல பயணம் போய் வந்த கலம். ஆட்டத்தில் பூமியின் இடத்தில் இருக்கும் கிரகமான கெர்பினின் காற்றுமண்டலத்துக்குள் இறங்கும்போது ஏவுதளத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அங்கே சிக்னல் இல்லை. பாராசூட்டை விரி என்று சொல்லக்கூட வழியில்லாமல் கடலில் மோதியது. கூடுதல் தரை நிலையங்களை இந்த ஆட்டத்தில் நானே அணைத்து வைத்திருக்கிறேன். கேட்பதற்கு இருக்கும் ஒரே காது ஏவுதளம்தான்.

இனி இப்படி நடக்கக் கூடாது. மூன்று செயற்கைக்கோள்கள், ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி, தரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்க வேண்டும். 1945-இல் ஆர்தர் சி. கிளார்க் பூமிக்காக எழுதிய அதே யோசனை.

இரவே முதல் கோளை ஏவிவிட்டேன். 80 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதை, வேகம் நொடிக்கு 2,279 மீட்டர். அங்கிருந்து சேய்மைப் புள்ளியை, அதாவது பாதையின் மிக உயரமான இடத்தை, மேலே தூக்க நொடிக்கு ஏறக்குறைய 668 மீட்டர் வேகம் கூட்ட வேண்டும், மேலே போய் வட்டமாக்க இன்னும் 431. கெர்பினில் நாள் என்பது 6 மணி நேரம், ஆட்டத்தின் கடிகாரமே அப்படித்தான் ஓடுகிறது. அதனால் சுற்றுக் காலம் சரியாக 6 மணி காட்டும்வரை எஞ்சினைத் தட்டித் தட்டிக் கொண்டுவந்தேன். உயரம் 2,868 கி.மீ. அருகே நின்றது. நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு

நிற்கவில்லை.

நேரத்தை வேகமாக ஓட்டிப் பத்து நாள் கழித்து வரைபடத்தைத் திறந்தால், ஏவுதளத்துக்கு நேர் மேலே இருந்த கோள் மேற்கே எட்டு டிகிரிக்கு மேல் நகர்ந்து, மலைகளின் பக்கம் போயிருக்கிறது. இருபது நாளில் பதினேழு டிகிரி. சீராக, ஒரே திசையில், அவசரமில்லாமல் நழுவுகிறது.

காலை முழுவதும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். தப்பு கோளில் இல்லை, நான் எடுத்துக்கொண்ட நாளில் இருக்கிறது. 6 மணி என்பது சூரிய நாள், ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரை. கெர்பின் தன்னைத்தானே ஒரு முறை முழுதாகச் சுற்ற எடுப்பது 5 மணி 59 நிமிடம் 9.4 நொடி. சுற்றி முடிப்பதற்குள் அது தன் சூரியனைச் சுற்றியும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், அதே நண்பகலைப் பிடிக்க இன்னும் ஐம்பது நொடி திரும்ப வேண்டியிருக்கிறது. பூமியிலும் இதே கதைதான்: 24 மணி அல்ல, 23 மணி 56 நிமிடம் 4 நொடி. புவிநிலைக் கோள்களெல்லாம் இந்தக் கணக்கில்தான் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கின்றன.

அந்த ஐம்பது நொடியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 0.845 டிகிரி. கெர்பினின் ஆண்டு 426 நாள். பெருக்கினால் 360. நான் வைத்த கோள் ஓர் ஆண்டில் கெர்பினை மெதுவாக ஒரு முழு வலம் வந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும்! அது தரையோடு சேர்ந்து நிற்கவில்லை, சூரியனோடு சேர்ந்து நிற்கிறது. இதைப் புரிந்துகொண்ட நிமிடத்தில் எழுந்து வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தேன். இவ்வளவு நாள் பள்ளிப் புத்தகத்தில் இருந்த ஒரு வரி இன்றுதான் எனக்கு உண்மையானது.

ஜனவரி 8, புதன்

வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம்.

இலக்கு, அதாவது 5:59:09-இல் ஒரு சுற்று வரும் உயரம், 2,863.3 கி.மீ. என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அண்மைப் புள்ளி (பாதையின் மிகத் தாழ்ந்த இடம்), சேய்மைப் புள்ளி இரண்டையும் அந்த எண்ணுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று நூறு மீட்டர் கலைகிறது. அப்புறம்தான் உறைத்தது: துரத்த வேண்டியது உயரத்தை அல்ல, சுற்றுக் காலத்தை. பாதை கொஞ்சம் நீள்வட்டமாக இருந்தால் கோள் தினமும் கிழக்கும் மேற்குமாகச் சற்றே ஊசலாடும். சாய்வு இருந்தால் வடக்கும் தெற்குமாக. இரண்டிலும் மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில்தான் இருக்கும். காலம் ஒரு நொடி பிசகினால் மட்டும் பிழை சேர்ந்துகொண்டே போகிறது, ஆண்டுக்கு ஏழு டிகிரி.

அந்த உயரத்தில் வேகம் நொடிக்கு 1,010 மீட்டர். அதில் ஒரே ஒரு மீட்டர் கூடினால் சுற்றுக் காலம் 64 நொடி மாறுகிறது. ஒரு நொடியைத் திருத்த ஒன்றரை சென்டிமீட்டர் வேகம்தான் தேவை. பெரிய எஞ்சினால் அது நடக்காது. ஆன்ட் என்ற குட்டி எஞ்சினின் உந்துவிசை வரம்பை அரை சதவீதத்துக்கு இறக்கி, மூச்சுவிடுவது போல எரித்தேன். 5:59:09 வந்தது.

ஜனவரி 11, சனி

கோள் நிற்கிறது. ஆனால் எந்தக் கலத்தின் பேச்சையும் அது கடத்தவில்லை. பொருத்தியிருந்த ஆன்டெனா கம்யூனோட்ரான் 16. அது தன் சொந்தச் செய்தியை மட்டும்தான் அனுப்பும், அஞ்சல் செய்யாது. மற்றவர் செய்தியை வாங்கிக் கடத்தும் அஞ்சலுக்கு எச்ஜி-5 ஆன்டெனா வேண்டும்.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 120 டிகிரி இடைவெளியில் இரண்டு கோள்களுக்கு நடுவே தூரம் 5,999 கி.மீ. இரண்டு எச்ஜி-5 ஒன்றையொன்று கேட்பது 5,000 கி.மீ. வரைதான். ஆயிரம் கிலோமீட்டர் போதவில்லை. ஒவ்வொரு கோளிலும் இரண்டிரண்டு பொருத்தினால் எட்டாயிரத்தைத் தாண்டுகிறது. புதிதாக ஏவப்போகும் கோள்களில் அப்படியே பொருத்திவிட்டேன். பேட்டரியும் கூட்டினேன். கெர்பினின் அச்சுக்குச் சாய்வே இல்லாததால் இந்தக் கோள்கள் தினமும் தவறாமல் இருபது நிமிடம் நிழலுக்குள் போய் வரும். பூமியின் புவிநிலைக் கோள்களுக்கு அது சமஇரவு நாட்களை ஒட்டிய வாரங்களில் மட்டும்தான்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

அக்கா குடும்பத்தோடு வந்திருக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் அவள் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

“மாமா, அது நிக்குதுன்னா ஏன் கீழ விழல?”

நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது, நாமும் அதே வேகத்தில் திரும்புகிறோம் என்று சொன்னேன். முகத்தில் நம்பிக்கை இல்லை. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் டிஷ்ஷைக் காட்டினேன். ஆணி அடித்தது போல வருடக்கணக்காக ஒரே பக்கம் பார்க்கிறது. “கோள் நகர்ந்தா இதுவும் திரும்பணும்ல?” கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். “அப்போ அங்க ஒண்ணு இருக்கா, இப்பவா?” என்றான். இருக்கிறது என்றேன்.

பிறகு எச்ஜி-5 பொருத்திய புதிய முதல் கோளை ஏவி, மேலே தூக்கும் எரிப்புக்கு அவனையே நேரம் சொல்லச் சொன்னேன். மேலே போய்ச் சேர 1 மணி 23 நிமிடம் ஆகிறது. அதற்குள் கெர்பின் 83 டிகிரி திரும்பிவிடும். கோள் பாதி வட்டம், 180. ஆகவே ஏவுதளத்துக்கு நேர் மேலே போய் நிற்க, அதற்கு 97 டிகிரி மேற்கே இருக்கும்போதே எரிக்கத் தொடங்க வேண்டும். அவன் “இப்போ!” என்று கத்தினான். மூன்று டிகிரி கிழக்கே போய் நின்றது. சரி, இதற்கும் வழி உண்டு: சுற்றுக் காலத்தை 60 நொடி கூட்டினால் நாளைக்கு ஒரு டிகிரி மேற்கே நழுவும். மூன்று நாள் விட்டு, பழைய காலத்துக்குத் திரும்பினோம். முதல் நாள் என்னைத் தோற்கடித்த அதே நழுவல்தான்.

ஜனவரி 18, சனி

மீதி இரண்டும் ஒரே ராக்கெட்டில். சுமக்கும் கலத்தின் சேய்மைப் புள்ளி 2,863 கி.மீ.யில், அண்மைப் புள்ளி 1,223-இல். சுற்றுக் காலம் நாளில் மூன்றில் இரண்டு பங்கு, 3 மணி 59 நிமிடம் 26 நொடி. இந்தப் பாதையில் ஒரு சுற்று முடிப்பதற்குள் மேலே நிற்கும் கோள் 240 டிகிரி போயிருக்கும். மிச்சம் 120. முதல் கோளைச் சேய்மைப் புள்ளியில் சந்திக்கிற மாதிரி நேரம் பார்த்துக் கிளம்பி, அடுத்த சுற்றில் ஒன்று, அதற்கடுத்த சுற்றில் ஒன்று என இறக்கினேன். இரவு பதினொன்றரைக்கு வரைபடத்தில் மூன்றுக்கும் நடுவே பச்சைக் கோடுகள் இழுத்து முக்கோணம் மூடியது.

ஜனவரி 19, ஞாயிறு

ஓர் ஆண்டை ஓட்டிப் பார்த்தேன். ஏவுதளத்துக்கு மேலே இருப்பது அரை டிகிரிகூட நகரவில்லை. மற்ற இரண்டில் ஒன்று இரண்டு டிகிரி, இன்னொன்று அதைவிடக் குறைவு. உண்மையான கோளுக்கு இவ்வளவு சுலபமில்லை. நிலாவும் சூரியனும் இழுக்கும், பூமியே முழு உருண்டை இல்லை. எரிபொருளை வருடாவருடம் செலவழித்துத்தான் அதன் இடத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். டிஷ்ஷைத் திருப்பாமல் டிவி பார்க்க முடிவது யாரோ எங்கோ உட்கார்ந்து செய்யும் அந்த வேலையால்தான்.

மாலையில் அதே வடிவத்தில் இன்னொரு கலம், அதே பாதையில் இறக்கம், ஏவுதளத்துக்கு எதிர்ப்பக்கம். சிக்னல் முதல் கோளிலிருந்து இரண்டாவதற்குத் தாவியது, அறுபடவில்லை. கடலுக்கு மேலே பாராசூட் விரிந்தது. அக்கா மகனுக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.