960 கிலோமீட்டர் போக எனக்கு ஓராண்டு ஆனது

வட நார்வேயின் டிரொம்சோ நகரத்திலிருந்து ஸ்வால்பார்டு தீவுகளில் இருக்கும் லாங்இயர்பியன் ஊருக்கு நேர்கோட்டில் சுமார் 960 கிலோமீட்டர். விமானம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். எனக்கு ஓராண்டு ஆனது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஸ்வால்பார்டு போக நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

2023இல் விசா மையத்து கவுண்டரில் தெளிவாகவே கேட்டேன்: "ஸ்வால்பார்டும் போறேன், சிங்கிள் என்ட்ரி போதுமா?" "அதுவும் நார்வேதானே சார், போதும்" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். நம்பிவிட்டேன். ஆட்சி நார்வேயுடையதுதான், ஆனால் அந்தத் தீவுகள் ஷெங்கனுக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு, வெளியே இருக்கின்றன. அங்கே இறங்க விசாவே வேண்டாம். போகிற வழியும் திரும்புகிற வழியும் ஷெங்கன் என்பதுதான் சிக்கல். சிங்கிள் என்ட்ரி விசாவில் ஷெங்கனுக்குள் ஒருமுறைதான் நுழைய முடியும்.

ஓஸ்லோவிலிருந்து கிளம்பிய விமானம் டிரொம்சோவில் நின்றது. எல்லாரையும் கைப்பையோடு இறக்கி பாஸ்போர்ட் சோதனைக்கு அனுப்பினார்கள். முடித்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். அதிகாரி விசா பக்கத்தைப் புரட்டி, என்ட்ரி கட்டத்தில் இருந்த '01' மேல் பேனா முனையை வைத்தார். "இப்போது வெளியேறினால் இந்த விசாவில் திரும்ப முடியாது. போகிறீர்களா?" குரலில் கடுமை இல்லை, அவசரமும் இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. ஊர் திரும்பும் டிக்கெட் ஓஸ்லோவிலிருந்து. போகவில்லை என்றேன். என் பெட்டியைத் தேடி இறக்கினார்கள். விமானம் நகர்வதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே போட்டிருந்த அறை வாடகை, நாய்வண்டிச் சவாரிக்குக் கட்டிய பணம் எதுவும் திரும்பி வரவில்லை.

மறு ஆண்டு விண்ணப்பத்தில் மல்டிபிள் என்ட்ரியை டிக் செய்தேன். விண்ணப்பத்தோடு வைத்த கடிதத்தின் முதல் வரியிலேயே டிரொம்சோ வழியாக வெளியேறி, டிரொம்சோ வழியாகவே திரும்ப நுழைகிறேன், குறைந்தது 2 என்ட்ரி வேண்டும் என்று எழுதி, போக வர இரண்டு டிக்கெட்டையும் இணைத்தேன். "இதெல்லாம் தேவையில்லை" என்றுதான் இந்த முறையும் கவுண்டரில் சொன்னார்கள். கடிதத்தையும் டிக்கெட்டையும் விண்ணப்பத்திலிருந்து எடுக்க மாட்டேன் என்று நின்றேன். நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் உறையை அங்கேயே பிரித்து அந்தக் கட்டத்தைப் பாருங்கள். எனக்கு 'மல்ட்' என்று இருந்தது. வாசலிலேயே வீட்டுக்கு போன் செய்தேன்.

அப்புறம் எல்லாம் சுலபம். டிரொம்சோவில் அப்போது இரண்டு நிமிடம், ஒரு முத்திரை, அவ்வளவோடு முடிந்தது. இடைநிறுத்தம் குறைவு என்பதால் காபி வாங்கப் போய்விடாதீர்கள். நேராக வரிசைக்குப் போங்கள். லாங்இயர்பியனிலிருந்து திரும்பும் நாளுக்கும் ஊருக்குக் கிளம்பும் நாளுக்கும் நடுவே ஒரு நாளாவது விடுங்கள். காற்றும் மூடுபனியும் அங்கே விமானத்தை நிறுத்திவிடும். என் விமானமே மாலைக்குப் பதில் மறுநாள் காலைதான் கிளம்பியது.

பாஸ்போர்ட்டில் இப்போது ஒரே பக்கத்தில் இரண்டு டிரொம்சோ முத்திரைகள் இருக்கின்றன. ஒன்றில் அம்பு வெளியே போகிறது, மற்றதில் உள்ளே வருகிறது.