எல்லை தாண்டும் ஆர்டர்: வரிகளோடு ஜேசன் அனுப்புவது

பாலக்காட்டுக் கடையில் ஒரு ரெயில்ஸ் ஆப் (ரூபி மொழியில் எழுதிய வெப் ஆப்), பொள்ளாச்சி மண்டியில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆர்டர், அதற்குள் எட்டு வரி, ஒவ்வொரு வரியிலும் ஒரு சரக்கு. இதை ஜேசன் என்ற எழுத்து வடிவில் அனுப்ப, டூ_ஜேசன் கட்டளையில் இன்க்ளூட் போட்டு வரிகளையும் சேர்த்தால் ஒரே வரிக் கோடில் முடிந்துவிடும். ஆனால் டேபிளில் உள்ள எல்லா நெடுவரிசையும், கடைக்காரர் லாபக் கணக்கு உட்பட, மண்டிக்குப் போய்விடும். அதனால் போக வேண்டியதை மட்டும் தனி சீரியலைசரில் (எதெது போக வேண்டும் என்று சொல்லும் கோட்) கையால் எழுதுங்கள். வரிக்குள் மறுபடி ஆர்டரைச் சேர்க்காதீர்கள். ஒன்றையொன்று முடிவில்லாமல் கூப்பிட்டு ஸ்டேக் (அழைப்புகளுக்கான நினைவிடம்) நிரம்பிவிடும்.

200 ஆர்டரைச் சேர்த்து அனுப்பும்போது இன்க்ளூட்ஸ் (தொடர்புள்ளவற்றை மொத்தமாக முன்பே எடுக்கும் கட்டளை; மேலே வந்த இன்க்ளூட் வேறு) மறந்தால் ஆர்டர்களுக்கு 1 + வரிகளுக்கு 200 + சரக்குகளுக்கு 1600, ஆக டேட்டாபேஸுக்கு 1801 குவெரி. போட்டால் மூன்றே மூன்று.

வாங்கும் பக்கத்தில் வரிகளின் ஹாஷை (சாவியும் மதிப்புமாக வந்த தரவு) அப்படியே மாடலுக்கு (டேபிளைக் கையாளும் கிளாஸ்) கொடுத்தால் அசோசியேஷன் டைப் மிஸ்மேட்ச் என்ற பிழை வரும். மாடலில் அக்செப்ட்ஸ்_நெஸ்டட்_ஆட்ரிபியூட்ஸ்_ஃபார் (உள்ளே வரும் வரிகளையும் ஏற்கச் சொல்லும் கட்டளை) எழுதி, சாவியின் வாலில் _ஆட்ரிபியூட்ஸ் சேர்க்க வேண்டும். அந்த வாலை வாங்குகிறவர்தான் ஒட்ட வேண்டும். அனுப்புகிறவருக்கு இந்தப் பக்கம் ரெயில்ஸ் என்பதே தெரிய வேண்டாம்.

அதிகம் அடிபடும் இடம் ஐடி. கடையின் 41ஆம் வரியும் மண்டியின் 41ஆம் வரியும் வேறு வேறு. அந்த ஐடியை அப்படியே உள்ளே விட்டால், அது இந்த ஆர்டருக்குச் சொந்தமில்லை என்று ரெக்கார்ட் நாட் ஃபவுண்ட் பிழை வரும். ஐடியை வெளியே அனுப்பவே கூடாது. ஆர்டருக்கும் ஒவ்வொரு வரிக்கும் யூயூஐடி (எங்கும் மோதாத நீண்ட அடையாள எண்) கொடுங்கள். மண்டி டேபிளில் அதற்கு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை நுழையாதபடி தடுப்பது) போடுங்கள். டைம்அவுட் ஆகி அதே ஆர்டர் இரண்டாம் முறை வந்தாலும், தக்காளி இரட்டிப்பாக லாரி ஏறாது.

சரக்கைப் பெயரால் பொருத்துவதும் வேண்டாம். எல்லைப் பக்கம் இது பெரிய தலைவலி. தமிழில் 'கொத்தவரங்காய்' எழுதும்போது ஒகரக் குறி ஒரே கோட் பாயிண்டாகவும் (யூனிகோட் எழுத்து எண்) வரலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் வரலாம். என்எஃப்சி (யூனிகோடின் சீராக்கும் முறை) போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மலையாளத்தில் 'பயர்' (பயறு) எழுதினால் கடைசியில் வரும் சில்லெழுத்துக்கும் (உயிர் சேராத மெய்) இரண்டு வடிவம் உண்டு: பழைய முறையில் சந்திரக்கலையும் (நம் புள்ளி போன்றது) கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறியும் சேர்ந்தது, 2008இல் யூனிகோட் 5.1 தனி எழுத்தாகத் தந்தது. இவற்றை என்எஃப்சி சேர்க்காது. திரையில் ஒரே சொல், டேட்டாபேஸில் இரண்டு சரக்கு. குறியீட்டால் மட்டும் பொருத்துங்கள்.

அந்தக் குறியீடும் ஸ்ட்ரிங்காகவே (எண்ணாக அல்ல, எழுத்தாக) போகட்டும். தக்காளியின் ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டியில் வரும் சரக்குக் குறியீடு) 0702. இன்டீஜர் (முழு எண்) நெடுவரிசையில் போட்டால் 702 ஆகும். ரூபி கோடில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் ஆக்டல் (எட்டடிமான எண்) என்று எடுத்துக்கொண்டு 450 ஆக்கிவிடும். 12.5 கிலோவும் அப்படியே: டெசிமல் நெடுவரிசையை ரெயில்ஸ் ஸ்ட்ரிங்காகத்தான் ஜேசனில் எழுதும், அதை ஃப்ளோட் (தோராயமாகச் சேமிக்கும் தசம எண்) ஆக்காதீர்கள். 'பெட்டி' என்று வந்தால் பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதும் அதே வரியில் வர வேண்டும்.

வரிகள் என்ற சாவியே வராவிட்டால் இருப்பதைத் தொடாதே என்று பொருள்; காலிப் பட்டியல் வந்தால் எல்லா வரியும் ரத்து என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டு, அந்த ரத்தை நீங்களே கோடில் எழுதுங்கள். ரெயில்ஸ் 5க்கு முன் காலிப் பட்டியலை நில் (மதிப்பே இல்லை) ஆக்கிவிடும் என்பதால் பழைய ஆப்பில் இந்த ரத்து போய்ச் சேராது. அங்கே ரத்துக்கென்று தனிப் புலம் வையுங்கள்.