சைலன்சர் வரி பூஜ்யம், பதிவு மட்டும் கட்டாயம்

அமெரிக்காவில் துப்பாக்கி சைலன்சர் (வெடிச் சத்தத்தைக் குறைக்கும் குழல்) வாங்குபவர் கட்டிவந்த 200 டாலர் கூட்டரசு வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். வேறெதுவும் மாறவில்லை. ஃபார்ம் 4 என்ற விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், உள்ளூர் காவல் தலைமைக்கு ஒரு நகல், கூட்டரசின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.டி.எஃப். ஒப்புதல் எல்லாம் அப்படியே. பதிவில்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. வசூலிக்காத வரிக்கு எதற்குப் பதிவேடு என்பதுதான் இப்போது நீதிமன்றங்களில் கிளம்பியிருக்கும் கேள்வி.

இந்தச் சிக்கலின் வேர் 1934-ல் இருக்கிறது. தேசியத் துப்பாக்கிச் சட்டத்தை (என்.எஃப்.ஏ.) இயற்றியபோது, நேரடித் தடை செல்லாமல் போகலாம் என்று பயந்து, வரி விதிக்கும் அதிகாரத்தின் மேல் அதைக் கட்டினார்கள். 1937-ல் சொன்சின்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அங்கே கேள்விக்குள்ளானது வியாபாரிகளின் ஆண்டு வரி. கொஞ்சமாவது வருவாய் வருகிறது, ஆகவே இது வரிதான் என்பது தீர்ப்பின் சாரம்.

2025-ல் சைலன்சரை என்.எஃப்.ஏ.வை விட்டே நீக்கப் பார்த்தார்கள். வரவு செலவு மசோதாவில் அதற்கு இடமில்லை என்று செனட்டின் விதி ஆலோசகர் சொல்லிவிட்டதால் வரியை மட்டும் பூஜ்யமாக்கினார்கள். மசோதாவில் அதிபர் கையெழுத்திட்ட ஜூலை 4 அன்றே வடக்கு டெக்சஸ் நீதிமன்றத்தில் வழக்கு விழுந்தது. ஆகஸ்டில் மிசௌரியில் இன்னொன்று. வருவாயே இல்லாத இடத்தில் சொன்சின்ஸ்கி எப்படிப் பொருந்தும் என்பதே வாதம். உற்பத்தியாளரும் வியாபாரியும் ஆண்டுக்கு 500 முதல் 1,000 டாலர் வரை தொழில் வரி கட்டுவது நிற்கவில்லை. அரசின் பிடிமானங்களில் அது ஒன்று. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இன்னொன்று.

இதே ஆட்டத்தை மருத்துவக் காப்பீட்டில் பார்த்தாயிற்று. காப்பீடு இல்லாதவருக்கான அபராதத்தை 2017-ல் பூஜ்யமாக்கினார்கள். டெக்சஸ் வழக்குப் போட்டது. யாருக்கும் பாதிப்பில்லை, ஆகவே வழக்காடும் தகுதியில்லை என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் 7-2 கணக்கில் தள்ளிவிட்டது. சைலன்சர் விஷயத்தில் அப்படித் தள்ளுவது கடினம்; பதிவு செய்யாதவருக்குச் சிறை காத்திருக்கிறது.

ஆனாலும் தகுதிப் பிரச்சினையை லேசாக எடுக்கக் கூடாது. டெக்சஸில் செய்து டெக்சஸிலேயே இருக்கும் சைலன்சருக்குக் கூட்டரசுச் சட்டம் பொருந்தாது என்று அந்த மாநிலம் 2021-ல் சட்டம் போட்டது. அதை வைத்துத் தொடுத்த வழக்கு 2024-ல் டெக்சஸுக்கான ஐந்தாம் வட்டாரக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தகுதிக் குறைவால்தான் விழுந்தது. கான்சஸின் இதே மாதிரிச் சட்டத்தை நம்பிப் பதிவில்லாமல் விற்றவரும் வாங்கியவரும் குற்றவாளிகளானார்கள். அவர்களுடைய காக்ஸ் வழக்கில்தான் 2018-ல், சைலன்சர் ஆயுதமல்ல, துணைக்கருவிதான் என்று பத்தாம் வட்டார நீதிமன்றம் சொன்னது. மாநிலச் சட்டத்தைக் கேடயமாகப் பிடித்துக் கூட்டரசு வழக்கிலிருந்து தப்ப முடியாது.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்தை வைத்து எழும் வாதம் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை தரவில்லை. பீட்டர்சன் வழக்கில் ஐந்தாம் வட்டாரம் 2025 பிப்ரவரியில் சைலன்சர் ஆயுதமே அல்ல என்றது. பிறகு அரசே நிலைப்பாட்டைத் தளர்த்தியதும், ஆகஸ்டில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்று வேறு எழுதியது: சைலன்சருக்கு அந்தத் திருத்தத்தின் பாதுகாப்பு உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், தகுதியுள்ளவருக்கு மறுக்காமல் தரும் உரிமமுறை செல்லும். இதை உடைக்க வேண்டுமானால் அநியாயக் கட்டணத்தையோ முடிவில்லாத காத்திருப்பையோ காட்ட வேண்டும். கட்டணம்தான் பூஜ்யமாகிவிட்டதே! வரி வாதத்துக்குப் பலம் தந்த அதே மாற்றம், இரண்டாம் திருத்த வாதத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டது.

வாதிகள் ஜெயித்தாலும் கடைக்குப் போய்ச் சுத்தியல் வாங்குகிற மாதிரி வாங்க முடியாது. 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சைலன்சரையும் துப்பாக்கி என்றே வரையறுக்கிறது. எனவே கடையில் துப்பாக்கி வாங்குவோர் நிரப்பும் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் இருக்கும். 21 வயதுக்குக் கீழானவருக்கு உரிமம் பெற்ற வியாபாரி விற்க முடியாது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் நாடு தழுவிய தடையாணைகளைக் கட்டுப்படுத்திவிட்டதால், கீழ்நிலைத் தீர்ப்பு முதலில் வாதிகளுக்கும் வாதிச் சங்கங்களின் உறுப்பினர்களுக்கும் மட்டும் பயன்படலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய் உள்ளிட்ட 8 மாநிலங்களின் சொந்தத் தடைகளை இந்த வரி வாதம் தொடவே தொடாது.