பெர்லின் ஒத்திகை

இன்று முழுக்க இசையமைப்பாளர் மாலரின் முதல் சிம்பொனிதான். கேட்கும்போதெல்லாம் இசைக்குழு நடத்துநர் யாப் வான் ஸ்வேடன் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

ஆம்ஸ்டர்டாம்காரர். 16 வயதில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் டோரதி டிலேயிடம் வயலின் கற்கப் போனார். 1979இல், மீசை அரும்பிய கையோடு, ஆம்ஸ்டர்டாமின் கன்செர்ட்கெபாவ் இசைக்குழுவின் முதன்மை வயலின் நாற்காலி! அத்தனை இளம் வயதில் அதற்குமுன் எவரும் அதில் அமர்ந்ததில்லை.

பிறகு பெர்லினில் அந்த ஒத்திகை. இதே மாலர். அரங்கில் ஒலி எப்படி இருக்கிறது என்று கீழே இறங்கிக் கேட்க விரும்பிய நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன், குழுவை இவரை நடத்தச் சொல்லிவிட்டார். வில் பிடித்தே பழகிய கை. எதிரே, தினமும் தோளோடு தோள் உட்கார்ந்து வாசிக்கும் சகாக்கள். நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. நன்றாக வரவில்லைதான், ஆனாலும் இதைக் கற்றுக்கொள் என்றார் பெர்ன்ஸ்டைன். எத்தனை பெரிய மனது!

2018இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இசை இயக்குநரானார், பெர்ன்ஸ்டைன் வகித்த அதே பதவியில்.